டைகர் தின்ற ஜெபமாலை

ஒப்புக்கொண்டுவிடுகிறேன். கல்யாணம் நிச்சயமான கையோடு, நான்கு நாட்கள் நான் ஒரு நாயின் பின்னால் நடந்திருக்கிறேன். ஒரு கையில் முறம், இன்னொரு கையில் வேப்பங்குச்சி, இடுப்பில் நிச்சயத்துக்கு எடுத்த சரிகைக்கரை வேட்டி. நாய் நின்றால் நின்றேன். நாய் உட்கார்ந்தால் உட்கார்ந்தேன். நாய் யோசித்தால் (யோசிக்கும், சத்தியமாக யோசிக்கும்) நானும் வானத்தைப் பார்த்துக்கொண்டு யோசித்தேன். இருபத்திரண்டு வயதில் மற்றவர்கள் காதலித்தார்கள், கட்சியில் சேர்ந்தார்கள், மதராசுக்கு ரயிலேறினார்கள். நான் எதற்காகக் காத்திருந்தேன் என்பதை நாலு பேர் முன்னால் சொல்ல முடியாது. சொல்லத்தான் போகிறேன்.

எல்லாவற்றுக்கும் காரணம் என் கைகள். கடையில் கிடைக்கிற பொருளைக் கடையில் வாங்கிக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்கிற மனிதர்களை எனக்கு அப்போது பிடிக்காது. கையால் செய்து கொடுக்க வேண்டும், அதில் நம் மூச்சு இருக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். (மூச்சு இருந்தது. வேறு வாசனைகளும் இருந்தன. அதற்கு வருகிறேன்.) கையால் பரிசு செய்கிறவனிடம் ஊர் கொஞ்சம் எச்சரிக்கையாகத்தான் இருக்க வேண்டும். கொடுப்பதில் அவனுக்கு இருக்கிற அவசரத்தில் கால்வாசி பொறுமைகூடச் செய்வதில் இருக்காது.

அறுபதுகளின் கடைசி அது. பாப்பாரப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். மூன்று ஏக்கர் மானாவாரி, அம்மா, நான். வாத்தியார் பயிற்சி முடித்துவிட்டு வேலை உத்தரவுக்குக் காத்திருந்தேன். காத்திருந்த நேரத்தில் கவிதை எழுதினேன். கவிதை வராத நேரத்தில் எதையாவது அறுத்துக்கொண்டும் ராவிக்கொண்டும் இருந்தேன். அம்மா கம்பைநல்லூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் எனக்குப் பெண் பார்த்தாள். பெயர் பிலோமினா. பெண் பார்க்கப் போன அன்று நான் முழுசாகப் பார்த்தது ஒரு காப்பித் தம்ளரையும் அதைப் பிடித்திருந்த நான்கு விரல்களையும்தான். அது எனக்குப் போதுமானதாக இருந்தது. அந்த வாரமே பத்துக் கவிதை.

எங்களைப் போன்ற கத்தோலிக்கக் குடும்பங்களில் நிச்சயத்தன்று மாப்பிள்ளை பெண்ணுக்கு ஜெபமாலை கொடுப்பது வழக்கம். பூசை முடிந்ததும் சாமியார் அதை மந்திரித்துக் கொடுக்க, பெண் கழுத்தில் போட்டுக்கொள்வாள். அன்றைக்கே முதல் ஓலை வாசிப்பார்கள். ஓலை என்பது, இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு கோயிலில் செய்கிற அறிவிப்பு. மூன்றும் வாசித்தால்தான் கல்யாணம். நடுவில் ஒன்று நின்றால் கல்யாணம் நின்றது, பெண்ணைப் பற்றிப் பேச்சு கிளம்பியது என்று அர்த்தம்.

கண்ணாடி மணியில் அழகழகான ஜெபமாலைகள் தருமபுரியிலேயே கிடைத்தன. எனக்கு அது ஆகுமா?

காரிமங்கலம் சந்தையில் மல்லப்பா என்று ஒரு கடைசல்காரர் உட்காருவார். கன்னடக்காரர், பேச்சில் கன்னடமும் தமிழும் கலந்து வரும். காட்டில் மான் உதிர்த்த கொம்பை மலையடிவாரத்து ஆட்கள் பொறுக்கிக்கொண்டு வந்து கொடுக்க, அதில் கத்திப்பிடியும் கைத்தடிப் பூணும் கடைவார். எலும்பில் பொத்தானும் சீப்பும் செய்வார். கொம்பைக் குறுக்கே அறுத்தால் நடுவில் பூச்சி அரித்தது போல ஒரு துளைக்கூட்டம், அதைச் சுற்றிப் பாலேடு நிறத்தில் ஒரு வளையம், வெளியே மழையும் காடும் தடவித் தடவிக் கறுத்த பட்டை. ஒரு மிருகம் தலையில் சுமந்த மரம் அது. நான் கால் மணி நேரம் நின்று பார்த்தேன். தொழில் முழுக்கத் தெரிந்துவிட்டது என்று முடிவு செய்துகொண்டேன்.

"எலும்புல ஜெபமாலை செய்யலாமுங்களா?"

மல்லப்பா கையிலிருந்த கத்திப்பிடியைக் கீழே வைக்கவில்லை. "செய்யலாம். நோடப்பா, கொம்பு வேற, எலும்பு வேற. கொம்பு காட்டுல கெடந்து தானே காஞ்சு வந்துரும். எலும்புக்குள்ள கொழுப்பு ஒக்காந்திருக்குது. சுண்ணாம்புத் தண்ணியில பதினஞ்சு நாள் ஊறணும். அப்புறம் சோடா உப்புல வேவணும். அப்புறம் வெயில்ல வெளுக்கணும். அவசரம் பேடா, வேணாம்."

"எனக்கு எட்டு நாளுதாங்க இருக்குது."

"அப்ப மேட்டாங்காட்டுல வருசக்கணக்கா மழையில நனைஞ்சு வெளுத்துக் கெடக்குமே, அந்தப் பழைய எலும்பை எடுத்துக்கோ. பச்சை எலும்பு பேடா. நாய் வுடாது. தின்னா மறுநாளே சுண்ணாம்பாப் போட்டுட்டுப் போயிரும்."

எவ்வளவு தெளிவாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். இதற்கு மேல் ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? ஆனால் எனக்குள் ஒரு கவிஞன் இருந்தானே, அவன் விடவில்லை. மேட்டாங்காட்டில் கிடப்பது நோயில் விழுந்த மாட்டின் எலும்பு. செத்த மாட்டின் எலும்பில் கல்யாண மாலையா, அது நல்லதுக்கா? ஆகவே பாப்பாரப்பட்டிக் கசாப்புக் கடைக்குப் போய், அன்று காலை வெட்டிய எருமையின் முன்னங்கால் எலும்பு இரண்டை மங்களகரமாக வாங்கி வந்தேன். (அந்த எருமை மட்டும் உயிரோடு இருந்தது போல.) சிலுவை மட்டும் என்னால் முடியாது என்று மல்லப்பாவிடமே மான்கொம்பில் ஒன்று வாங்கிக்கொண்டேன். மாலை முழுவதிலும் உருப்படியாக இருந்தது அது ஒன்றுதான்.

எலும்பை அறுத்திருக்கிறீர்களா? அறுக்காதீர்கள். ரம்பம் உள்ளே போகப் போக மயிர் கருகுகிற வாடை வரும். மாவு போல ஒரு தூள் பறந்து மூக்கில், இமையில், தண்ணீர்ப் பானையில் எல்லாம் படியும். இரண்டு முனைகளையும் வெட்டி, நடுவிலிருந்த ஊனைக் குச்சியால் தள்ளி, குழாயைச் சில்லாகப் பிளந்து, சில்லைத் துண்டாக்கி, துண்டை அரத்தால் ராவி உருட்டி, கயிறு கட்டிய வில்லால் ஊசியைச் சுழற்றித் துளை போட வேண்டும். பெரிய மணி ஆறு, சின்ன மணி ஐம்பத்து மூன்று. முதல் நாள் நான்கு மணி செய்தேன். அதில் இரண்டு துளைக்கும்போது பிளந்துகொண்டன.

அம்மா வாசலில் வந்து நின்றாள். "வூடு பூரா பொணம் எரியற நாத்தம் அடிக்குது. கண்ணாலத்துக்குச் செய்யறியா கருமாதிக்குச் செய்யறியா?"

"கலைம்மா இது."

"கலையா இருந்தாக் கொட்டாய்க்கு அந்தப் பக்கம் போய்ச் செய்யி."

ஏழாம் நாள் கோத்து முடித்தேன். கம்பியில் கோக்க வராததால் நூல். தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். ஒன்று நீளம், ஒன்று சப்பை, ஒன்று மஞ்சள். ஜெபமாலை போலவே இல்லை. ஒரு பெரிய குடும்பம் பல்லைப் பிடுங்கி ஒன்றாகத் தொங்கவிட்டது போல இருந்தது. அதுகூடப் பரவாயில்லை. நாறியது. கழுவினேன், சாம்பலில் புரட்டினேன், சோப்பு போட்டேன். ஒவ்வொரு மணியும் உள்ளிருந்து நிதானமாகக் கொழுப்பைக் கசியவிட்டது.

அப்போதுதான் என் வாழ்க்கையின் மிக மோசமான கேள்வியை அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா, கறியில கவுச்சி போவணும்னா நீ என்ன போடுவ?"

அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, எதற்கு என்று கேட்காமல் சொன்னாள். "பட்டை, கிராம்பு, சோம்பு. பிரிஞ்சி இலை ரெண்டு."

போட்டேன். எல்லாவற்றையும் போட்டேன். மாலையை மண்சட்டியில் வைத்து, ஒரு மணி நேரம் தளதளவென்று கொதிக்கவிட்டேன். எடுத்துத் துடைத்தபோது மங்கலாக இருந்ததால், மினுமினுப்புக்கு நெய் தடவினேன். எலும்பு, மசாலா, நெய். ஒரு சமையல்காரன் இதைச் செய்திருந்தால் அவனுக்குத் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்திருக்கும். நான் கலைஞன், எனக்குத் தெரியவில்லை.

நிச்சயத்தன்று பிலோமினா ஊர்க் கோயிலில் நல்ல கூட்டம். காலையில் சாப்பிடாமல் வந்த கூட்டம். சாமியார் ஐந்தாறு ஊர்களுக்குப் பொதுவானவர், மோட்டார் சைக்கிளில் வந்து பூசை வைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் பறப்பார். முதல் ஓலை வாசித்தார். தடை சொல்ல யாருமில்லை. மாலையைத் தட்டில் வைத்து நீட்டினேன். அவர் தீர்த்தம் தெளித்து மந்திரிக்கக் குனிந்தவர், பாதியில் நின்று மூக்கை உறிஞ்சினார். முன்வரிசையில் இரண்டு பேர் எச்சில் விழுங்கினார்கள்.

"சாப்பாடு பக்கத்துலயா செய்யறாங்க?" என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார்.

"இல்லீங்க சாமி. பொண்ணு வூட்டுல."

"காத்து இந்தப் பக்கம் அடிக்குது போல" என்று மந்திரித்து முடித்தார். பிலோமினா மாலையைக் கழுத்தில் போட்டுக்கொண்டாள். அன்றுதான் அவள் முகத்தை முதல்முறை நேராகப் பார்த்தேன். மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தாள். வெட்கம் என்று நினைத்தேன்.

சாமியார் கை நனைத்துவிட்டுப் புறப்பட்ட பிறகு, பந்தலில் இரண்டாம் பந்தி உட்கார்ந்திருந்தது. என் வருங்கால மாமனார் மரியசூசை எனக்குப் பக்கத்தில். பெரிய மீசை, சின்னப் பேச்சு. அப்போது அத்தை, அதாவது பிலோமினாவின் அம்மா, கொல்லைப்புறத்திலிருந்து வந்தாள். கையில் மான்கொம்புச் சிலுவை. அதில் இரண்டு அங்குலம் நூல்.

"இது மட்டும்தாங்க கெடந்துச்சு" என்றாள்.

அவளுக்குப் பின்னால் டைகர் வந்தது. பழுப்பு நிறம், ஒரு காது மடிந்த நாட்டு நாய். நாக்கால் மூக்கு வரைக்கும் ஒரு சுற்று துடைத்துக்கொண்டு, பந்தலில் இருந்த அத்தனை பேரையும் விட்டுவிட்டு நேராக என்னிடம் வந்து, என் முழங்காலில் தலையை வைத்து வாலை ஆட்டியது. செய்தவன் யார் என்று அதற்குத் தெரிந்திருந்தது. நான் செய்த எதையும் அதற்கு முன்போ பின்போ யாரும் அவ்வளவு முழுமையாக ரசித்ததில்லை.

சாமியார் இல்லாத நேரத்தில் அந்த ஊருக்குச் சட்டம் சொல்கிறவர் உபதேசியார் சவரிமுத்து. கோயில் மணியடிப்பது, பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக்கொடுப்பது, ஞானஸ்நானத்துக்குப் பெயர் எழுதுவது எல்லாம் அவர்தான். ஒல்லியான மனிதர், சந்தேகமே வராத மனிதர். இலையிலிருந்து எழுந்து கை கழுவிவிட்டு வந்து தீர்ப்புச் சொன்னார்.

"அது மந்திரிச்ச பொருள். பழசாப் போனா மண்ணுல பொதைக்கணும், இல்லாட்டி நெருப்புல போடணும். கண்ட எடத்துல கெடக்கக் கூடாது. இப்ப அது நாய் வயித்துல கெடக்குது."

"அப்ப நாயைப் பொதைச்சர்லாமா?" என்று பந்தியில் யாரோ கேட்டார்கள்.

"உசுரோடவா?" என்றார் மாமனார், முதல்முறையாக வாயைத் திறந்து.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்துத் தோட்டத்து மாதையன் நின்றுகொண்டிருந்தார். "எங்களுக்கு இந்த ரோதனையே இல்லீங்க. எங்க பைரவருக்கு நாய்தான் வாகனம். மாலையைத் தின்னா சந்தோசப்படுவாரு" என்றார். உபதேசியார் அந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

"அம்பத்தொம்போது மணியும் வெளிய வரணும். கழுவி, எண்ணி, கோயில் பின்னால பொதைக்கணும். அதுவரைக்கும் ரெண்டாவது ஓலை வாசிக்கச் சொல்லி நான் சாமிகிட்டச் சீட்டுக் குடுக்க மாட்டேன்" என்றார் உபதேசியார்.

"பொறுக்கறது யாரு?" என்று மாமனார் கேட்டார்.

"செஞ்சவரே பொறுக்கட்டும்."

இப்படியாக, அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் ஒரு நாயின் வயிற்றைக் காலி செய்தால்தான் எனக்குக் கல்யாணம் என்று ஆயிற்று. பெண் வீட்டில் மாப்பிள்ளை தங்கக் கூடாது என்பதால் உபதேசியார் வீட்டிலேயே எனக்குப் படுக்கை. என் அம்மா பஸ் ஏறும்போது, "பட்டை கிராம்புன்னு நான் சொன்னத வெளிய சொல்லிராத" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள்.

திங்கட்கிழமை டைகரைக் கட்டிப் போட்டுப் பார்த்தோம். மானமுள்ள நாய், கட்டிய இடத்தில் எதுவும் செய்யாது. அவிழ்த்துவிட்டோம். அது கடலைக்காட்டுக்குப் போனது, நான் கடலைக்காட்டுக்குப் போனேன். ஏரிக்கரை, புளியமரம், கேழ்வரகுத் தாள் போர், மீண்டும் ஏரிக்கரை. நான் பின்னால் வருவது அதற்கு முதலில் பெருமையாக இருந்தது. மதியத்துக்கு மேல் கூச்சமாகிவிட்டது. ஒரு புதரைத் தேர்ந்தெடுத்து, இரண்டு சுற்றுச் சுற்றி, உட்காரப் போகும், அப்புறம் திரும்பி என் கண்ணைப் பார்க்கும், எழுந்து நடந்துவிடும். நானும் முகத்தைத் திருப்பிக்கொண்டு பார்த்தேன், மரத்தின் பின்னால் நின்று பார்த்தேன். அதற்குத் தெரிந்துவிடுகிறது. எங்கள் இருவருக்குமே இது வாழ்க்கையில் முதல்முறை.

செவ்வாய்க்கிழமை அதிகாலை காரியம் கைகூடியது. முறத்தோடு ஓடினேன். கடலைச்செடிகளுக்கு நடுவே பனித்துளி, இளவெயில், கிழக்கே நீலமாக மலை, நடுவில் வெள்ளை வெளேரென்று உதிர்ந்து கிடந்தது சுண்ணாம்பு. ஒரு நாள் தள்ளிப்போனதைத் தவிர, மல்லப்பா சொன்னது ஒரு எழுத்துப் பிசகாமல் நடந்திருந்தது. பதினைந்து நாள் சுண்ணாம்பில் ஊற வேண்டும் என்றாரே, டைகர் அதை ஒன்றரை நாளில் தன் செலவில் முடித்துக் கொடுத்துவிட்டது. குச்சியால் கிளறிப் பார்த்ததில், மென்று குதறிய பெரிய மணி மூன்று தேறின. மற்றவை பொடி.

உபதேசியாரிடம் விளக்கினேன். "எலும்பு வயித்துல கரைஞ்சிருமுங்க. இனிமே வராதுங்க."

"அம்பத்தொம்போதுல மூணு. இன்னும் அம்பத்தாறு" என்றார் அவர்.

"கரைஞ்சு போச்சுங்க."

"கரைஞ்சா கரைஞ்சதும் வெளியதானே வரணும்? போங்க, நாய் கெளம்பிருச்சு."

அதற்குள் ஊருக்கு வேறு வேலை இல்லாமல் போயிருந்தது. கம்பைநல்லூர் போகிற பஸ்கூட என்னைக் கண்டால் மெதுவாகப் போவதாகத் தோன்றியது. களையெடுக்கிற பெண்கள் நிமிர்ந்து நின்று, "மாப்ள, மாமனாரு வூட்டுல வேற வேலை குடுக்கலீங்களா?" என்றார்கள். ஏரிக்கரையில் ஒருவர், "இன்னைக்கு எந்தத் தேவரகசியமுங்க?" என்று அக்கறையாக விசாரித்தார். ஜெபமாலை சொல்லும்போது இயேசுவின் வாழ்க்கையிலிருந்து கிழமைக்கு ஏற்றபடி தியானிப்பதுதான் தேவரகசியம்; செவ்வாய்க்கிழமைக்குத் துக்க தேவரகசியம். அதை அவருக்குச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

புதன்கிழமை மாமனார் தோட்டத்துக் கிணற்றடியில் டைகர் நிழலில் படுத்துவிட்டது. நானும் முறத்தைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்தேன். பிலோமினா ஒரு சட்டியில் களியும் ஒரு சொம்பில் மோரும் கொண்டுவந்தாள். களியை நாய்க்கு வைத்தாள். மோரை எனக்கும் நாய்க்கும் நடுவில் வைத்தாள். எனக்குத்தான் என்று நானே அனுமானித்து எடுத்துக் குடித்தேன். அவள் துவைகல்லில் துணியைக் குமுக்கிக்கொண்டே, கிணற்றிடம் பேசுவது போலப் பேசினாள்.

"எத்தனை கெடச்சுது?"

"மூணு."

"இனிமே வருமுங்களா?"

"வராதுங்க. கரைஞ்சிருச்சு."

துணியை நான்கு அடி அடித்தாள். பிறகு, "நான்தான் அதைக் கொடியில போட்டேன்" என்றாள்.

"எதை?"

"மாலையை. கழுத்துல போட்டுக்கிட்டுப் பந்தியில பரிமாறறேன், முதுகுல எறும்பு ஊருது. கொமட்டிக்கிட்டு வந்துச்சு. ஒரு பக்கம் பிரியாணி வாசம், ஒரு பக்கம் எலி செத்த வாசம். செத்த நேரம் காத்தாடட்டும்னு துணிக்கொடியில போட்டுட்டு உள்ள போனேன்."

"கொடி ஒசரமாச்சே. டைகருக்கு எப்படி எட்டுச்சு?"

"எட்டாதுங்க. இத்தனை வருசத்துல அது ஒரு தடவைகூட எட்டுனதில்ல. எட்டற அளவுக்கு நீங்க நெய் தடவியிருக்கீங்க."

எனக்கு எரிச்சல் தலைக்கு ஏறியது. மூன்று நாள். சரிகைக்கரை வேட்டி முழுக்க ஒட்டுப்புல்லும் சேறும். "இதை ஞாயித்துக்கிழமையே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

அவள் அடிப்பதை நிறுத்தினாள். "மந்திரிச்ச மாலையை நானே கழட்டிப் போட்டேன்னு தெரிஞ்சா, பொண்ணுக்கு மாப்ளையப் புடிக்கலன்னு பேசுவாங்க. ஓலை நின்னுரும். எங்கப்பாரு என்னை அடிக்க மாட்டாரு, பேசாம இருந்துருவாரு. அதுதான் தாங்காது. நீங்க போய்ச் சொல்லப் போறீங்களா?"

"புடிக்கலையா?" என்று கேட்டேன்.

"நாயைப் பாருங்க, போவுது" என்றாள் அவள்.

போய்க்கொண்டிருந்தது. முறத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன். ஒன்றுமே வராது என்று எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும், டைகருக்கும் தெரியும். ஆனாலும் அன்று முழுவதும், மறுநாள் மதியம் வரையும் நடந்தேன். நடப்பதை நிறுத்தினால் ஏன் நிறுத்தினாய் என்று கேட்பார்கள். முட்டாள்தனத்தில் இரண்டு வகை இருக்கிறது. தெரியாமல் நடப்பது சுலபம். தெரிந்தே நடப்பதற்குக் கால் அதிகமாக வலிக்கும்.

வியாழக்கிழமை, சீக்காளி ஒருவரைப் பார்க்கச் சாமியார் ஊருக்குள் வந்தார். மோட்டார் சைக்கிள் மாமனார் வீட்டருகே திரும்பியபோது, தெருவில் முதலில் டைகர், பிறகு முறத்தோடு நான், பிறகு நோட்டும் பென்சிலுமாக உபதேசியார் என்று ஊர்வலமாக எதிரே வந்தோம். சாமியார் காலை ஊன்றி நின்று முழுக்கதையையும் உபதேசியார் வாயாலேயே கேட்டார். கேட்கக் கேட்க அவர் முகம் வண்டியின் சைலன்சர் போலச் சூடாகிக்கொண்டு வந்தது.

"உபதேசியாரே, மாலை மாலையா இருக்கற வரைக்கும்தான் மந்திரிப்பு. மென்னு துப்பினா அது வெறும் எலும்பு."

"புஸ்தகத்துல பொதைக்கணும்னு போட்டிருக்குங்களே சாமி."

"புஸ்தகத்துல நாய் வருதா?"

"வரலீங்க."

"அப்புறம் எதுக்கு இந்தப் பையனை ஊரைச் சுத்தவெச்சீங்க? நாயே எளைச்சுப் போயிருக்குது." பிறகு என் பக்கம் திரும்பினார். "கடையில மாலை கெடைக்கலையா ஒனக்கு?"

"கையால செஞ்சு குடுக்கணும்னு ஆசைங்க சாமி."

"நல்ல ஆசைதான். கையை இனிமே மடியிலயே வெச்சுக்கோ."

எல்லாம் முடிந்தது என்று முறத்தைக் கீழே வைத்தேன். அப்போதுதான் வேலிக்கு மேலாக மாதையன், யாரும் கேட்காமலே, நல்ல எண்ணத்தோடு பேசினார். "நாய் மேல தப்பில்லீங்க சாமி. மாலை அது பாட்டுக்குக் கொடியில தொங்குச்சு, நான் பாத்தேன். மூணு தரம் எகிறிக் குதிச்சுத்தான் புடிச்சுது."

வாசலில் நின்றிருந்த மாமனாரின் மீசை அசைந்தது. "கொடியிலயா? கழுத்துல போட்ட மாலை கொடிக்கு எப்படிப் போச்சு? யாரு போட்டது?"

கதவுக்குப் பின்னால் பிலோமினாவின் சேலை நுனி மட்டும் தெரிந்தது. அது அசையாமல் இருந்தது. சாமியார் என்னைப் பார்த்தார். மாமனார் கதவைப் பார்க்கத் திரும்பினார்.

"நான்தாங்க போட்டேன்" என்றேன்.

மாமனார் திரும்பினார். "நீங்களா?"

"எறும்பு ஊருதுன்னு சொன்னாங்க. குடுங்க, வெயில்ல வெச்சா சரியாப் போயிரும்னு வாங்கிக் கொடியில போட்டேன்."

"நெய் தடவுன எலும்பை. நாய் இருக்கற வூட்டுல."

"ஆமாங்க."

"அப்புறம் நாலு நாளா அந்த நாய் பின்னாலயே சுத்துனீங்க. இதை யாருகிட்டயும் சொல்லாம."

"மறந்துட்டேனுங்க" என்றேன். (அதைவிட நல்ல பொய் ஒன்று அந்த நேரத்தில் வந்திருக்கக் கூடாதா? கவிஞனாம், கவிஞன்.)

மரியசூசை என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். வேட்டியில் ஒட்டியிருந்த முள், கையில் வேப்பங்குச்சி, காலடியில் என் பாதத்தை நக்கிக்கொண்டிருந்த நாய். நிலத்தை விலைக்கு வாங்கி, உழுத பிறகு பாறையைக் கண்ட ஆள் விடுகிற மூச்சு ஒன்றை விட்டார்.

"ரெண்டாவது ஓலையை வாசிச்சிருங்க சாமி" என்றார். "இவ்வளவு வெவரமான ஆளுக்கு நாம குடுக்கலைன்னா வேற யாரு பொண்ணு குடுப்பாங்க?"

சாமியாரிடம் நேருக்கு நேர் பொய் சொன்னது உறுத்தியதால், இரண்டாம் ஓலைக்கு முன்னால் அவரிடமே போய்ப் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். தட்டிக்கு அந்தப் பக்கம் சிரிப்பை அடக்குகிற மூச்சு மட்டும் கேட்டது. அபராதமாக ஒரு முழு ஜெபமாலை சொல்லச் சொன்னார். மாலை இல்லாமல், விரல்விட்டு எண்ணிச் சொன்னேன்.

கல்யாணம் ஆயிற்று. வேலையும் வந்தது. ஆனால் தன் மாலையைத் தானே நாய்க்குத் தொங்கவிட்ட மாப்பிள்ளை என்ற பட்டம் என்னோடே பென்சன் வரைக்கும் வரும் போலிருக்கிறது. மாமனார் அதைச் சொல்லாத ஞானஸ்நான விருந்து கிடையாது. அதிகம் பேசாத மனிதர் அந்த ஒரு கதையை மட்டும் கைகால் ஆட்டிச் சொல்வார். டைகர் குதித்ததை எழுந்து நின்று குதித்தே காட்டுவார். பிலோமினா அந்த நேரம் பார்த்து எதற்காவது உள்ளே போய்விடுவாள். நான் இலையைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவேன். போன வருஷம் அவரும் போய்ச் சேர்ந்தார். அத்தை அதற்கு முன்பே போய்விட்டாள். கொடியில் போட்டது யார் என்று இனி எழுதினால் பாதகமில்லை என்று நானாக முடிவு செய்து எழுதிவிட்டேன்.

இவ்வளவுக்கும் பிலோமினாவுக்கு நன்றியா இருக்கிறது? எங்கள் வீட்டில் யார் எதைக் கையால் செய்துகொண்டு வந்தாலும், மகள் பின்னிய ஸ்வெட்டரோ நான் எழுதிய கவிதையோ, அவள் கேட்கிற முதல் கேள்வி, "நாய்க்குக் காட்டியாச்சா?" என்பதுதான். பிள்ளைகள் கேட்கிறார்கள், மருமகன் கேட்கிறான், தபால்காரர்கூட ஒருமுறை கேட்டார். என் கவிதைகள் பத்திரிகைகளிலிருந்து திரும்பி வரும்போது அவள் உறையைப் பிரிக்காமலே சொல்லிவிடுவாள், காட்டாமல் அனுப்பியிருப்பேன் என்று.

எதற்கு வம்பு என்று இந்தக் கட்டுரையை முடித்த கையோடு கொல்லைப்புறம் எடுத்துப் போய், இப்போது இருக்கிற நாயின் முன்னால் வைத்தேன். அது முதல் பக்கத்தை முகர்ந்தது, கடைசிப் பக்கத்தை முகர்ந்தது, எழுந்து நிழலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அப்படியானால் நாற்றம் எதுவும் இல்லை, தாராளமாக அனுப்பலாம் என்று நான் சொன்னேன்.

"சதைப்பத்தே இல்லைன்னு அர்த்தம்" என்றாள் பிலோமினா.